‘நன்றி’ போட்டுவிட்டால் நியாயமாகிவிடுமா?

நமது தமிழ்ப் பத்திரிகை உலகில் ஒரு சொல்லுக்கு இருக்கும் வலிமை, நாடாளுமன்றம் இயற்றிய எந்தச் சட்டத்திற்கும் இல்லை. அந்தச் சொல் ‘நன்றி’. ஒரு கட்டுரையையோ சிறுகதையையோ புகைப்படத்தையோ எங்கிருந்தாவது முழுமையாக எடுத்துப் பிரசுரித்துவிட்டு, அடியில் சிறிய எழுத்தில் ‘நன்றி’ என்று போட்டு, பக்கத்தில் மூல ஏட்டின் பெயரையும் சேர்த்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்பது நம்மிடையே நீண்டகாலமாக நிலவும் எழுதாத விதி. மூல ஏட்டின் பெயர் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. ‘நன்றி: இணையம்’ என்று போடலாம். இந்த இணையம் என்பவர் யார், எந்த ஊர்க்காரர், இதுவரை எத்தனை நூல்கள் எழுதியிருக்கிறார் என்பதை எவரும் எனக்குச் சொன்னதில்லை.

அண்மைக்காலமாக இந்த வழக்கத்திற்கு ஒரு சட்டப் பெயரும் சூட்டப்பட்டு வருகிறது. ‘ஃபெயார் யூஸ்’, அதாவது நியாயமான பயன்பாடு. சில மாதங்களுக்கு முன்னர், இரண்டு வாரம் அலைந்து ஆறேழு பேரை நேரில் கண்டு நான் எழுதிய ஒரு கட்டுரை, வெளியான மறுநாளே கடல் கடந்த ஓர் இணையத்தளத்தில் முதல் எழுத்திலிருந்து இறுதி முற்றுப்புள்ளி வரை இடம்பெற்றிருந்தது. தலைப்பு மட்டும் வேறு. அதுவும் நான் சொல்லாத ஒன்றைச் சொல்கின்ற தலைப்பு. எழுதிக் கேட்டேன். “உங்கள் பெயருக்கு நன்றி போட்டிருக்கிறோம் ஐயா. இது நியாயமான பயன்பாடுதான். தவிரவும், உங்களுக்கு இது ஒரு விளம்பரம் அல்லவா?” என்று பதில் வந்தது. அந்தப் பதிலில் இருந்த மரியாதையைத் தவிர வேறெதுவும் சட்டத்தோடு ஒத்துவரவில்லை. ஆனால் எழுதியவர் மனமறிந்து ஏமாற்றுபவராகத் தோன்றவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்பியிருந்தார். அவரைப் போல நம்பியிருப்போர் நம்மிடையே ஏராளம் என்பதால், இதுபற்றிச் சற்று விரிவாக எழுதுவது பயனுடையது.

ஒரு படைப்பைப் பிரதி செய்யவும் மொழிபெயர்க்கவும் பொதுமக்களுக்கு வழங்கவும் உள்ள உரிமை, அதை ஆக்கியவருக்கு அல்லது அவரிடமிருந்து அந்த உரிமையைப் பெற்றவருக்கே உரியது என்கிறது பதிப்புரிமைச் சட்டம். இதை எழுத்துக்கு எழுத்து நடைமுறைப்படுத்தினால் ஒரு நாவலை விமர்சிப்பவர் அதிலிருந்து ஒரு வரியைக்கூட எடுத்துக்காட்ட முடியாது. ஓய்வுபெற்ற ஓர் அமைச்சர் தமது சுயசரிதையில் எழுதிவைத்த பொய்யை அவருடைய வார்த்தைகளைக் கொண்டே அம்பலப்படுத்த முடியாது. அனுமதி கேட்டுத்தான் மேற்கோள் காட்டவேண்டும் என்றால், பாராட்டுவோருக்கு மட்டுமே அனுமதி கிடைக்கும்; எழுத்தாளர்களும் மனிதர்கள்தாமே. ஆகவேதான் சில சந்தர்ப்பங்களில் கேளாமலும் பணம் கொடாமலும் எடுக்கலாம் என்று சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அந்தக் கதவின் பெயரே நியாயமான பயன்பாடு.

இந்தக் கதவு எவ்வளவு அகலமானது என்ற கேள்விக்கு முதன்முதலில் தெளிவாக முகம் கொடுத்தவர்களில் ஒருவர் அமெரிக்க நீதியரசர் ஜோசப் ஸ்டோரி. ஜோர்ஜ் வாஷிங்டனின் கடிதங்களையும் ஆவணங்களையும் ஜெரட் ஸ்பார்க்ஸ் என்பவர் 12 தொகுதிகளாகப் பதிப்பித்திருந்தார். சார்ள்ஸ் அப்பம் என்ற வேறொருவர், பாடசாலை நூலகங்களை மனத்திற்கொண்டு வாஷிங்டனின் வரலாற்றை இரண்டு தொகுதிகளாக எழுதினார். அவருடைய 866 பக்கங்களில் 353 பக்கங்கள் ஸ்பார்க்ஸின் தொகுதிகளிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டவை. 1841 இல் தீர்ப்பளித்த ஸ்டோரி, இது அத்துமீறலே என்றார். அவர் கூறிய காரணத்தின் சாரம் இதுதான்: விமர்சகர் ஒருவர் விமர்சிக்கும் நோக்கத்தோடு ஒரு நூலிலிருந்து தாராளமாகவே மேற்கோள் காட்டலாம், ஆனால் மூல நூலை வாங்கவேண்டிய தேவையையே இல்லாமற் செய்யும் வகையில் அதன் முக்கியமான பகுதிகளை எடுத்துக்கொள்வது வேறு விடயம். ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் கழிந்த பின்னரும் நீதிமன்றங்கள் சுற்றிச் சுற்றி இந்த இடத்திற்கே வந்துகொண்டிருக்கின்றன.

ஸ்டோரி வகுத்த பாதையில் நீதிமன்றங்கள் வளர்த்தெடுத்த இந்தக் கோட்பாடு, 1976 இல்தான் அமெரிக்காவின் எழுதப்பட்ட சட்டமாக, 107 ஆம் பிரிவாக, வடிவம் பெற்றது. எடுத்தவரின் நோக்கமும் தன்மையும் என்ன, அது வர்த்தக நோக்கமா. எடுக்கப்பட்ட படைப்பு எத்தகையது. முழுப் படைப்போடு ஒப்பிடுகையில் எடுக்கப்பட்ட பகுதி எவ்வளவு, அது எவ்வளவு முக்கியமானது. மூலப் படைப்பின் சந்தைக்கு இதனால் என்ன பாதிப்பு. இந்த நான்கையும் சேர்த்து நிறுத்துப் பார்க்கவேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. ‘நன்றி’ என்ற சொல் நான்கில் ஒன்றிலும் இல்லை.

இலங்கை வாசகர்களில் பலருக்கு வியப்பூட்டக்கூடிய ஒரு செய்தி உண்டு. நமது நாட்டின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின் 11 ஆம் பிரிவு, அமெரிக்கச் சட்டத்தின் இந்தப் பகுதியை ஏறக்குறைய சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டிருக்கிறது. (சட்டங்களுக்குப் பதிப்புரிமை கிடையாது என்பதால் இதற்காக நாம் எவருக்கும் நன்றி போடவேண்டியதில்லை.) விமர்சனம், கருத்துரைத்தல், செய்தி அறிக்கையிடல், கற்பித்தல், புலமை ஆய்வு ‘போன்ற’ நோக்கங்கள் என்று சட்டம் கூறுகிறது. அந்தப் ‘போன்ற’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. பட்டியல் மூடப்படவில்லை. பிரித்தானியாவிலும் இந்தியாவிலும் கனடாவிலும் இருப்பது வேறு. அங்கே சட்டம் குறிப்பிட்ட சில நோக்கங்களை எண்ணிச் சொல்லி, அவற்றுக்குள் அடங்கினால் மட்டுமே நியாயமா இல்லையா என்ற பேச்சுக்கே இடமளிக்கிறது. எனவே இலண்டனிலோ ரொறன்ரோவிலோ சென்னையிலோ இருந்துகொண்டு அமெரிக்கத் தீர்ப்புகளைத் துணைக்கழைக்கும் நண்பர்கள் சற்று நிதானிப்பது நல்லது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருப்பவர்களுக்கு அந்தத் தீர்ப்புகள், நம்மைக் கட்டுப்படுத்தாவிட்டாலும், பொருள் பொதிந்தவை.

அப்படியான தீர்ப்புகளில் பத்திரிகையாளன் என்ற வகையில் நான் மீண்டும் மீண்டும் எடுத்து வாசிப்பது 1985 ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றை.

முன்னாள் ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்ட் தமது நினைவுக் குறிப்புகளை எழுதினார். வோட்டர்கேட் விவகாரத்தில் பதவி துறந்த றிச்சர்ட் நிக்சனுக்கு 1974 செப்டெம்பரில் தாம் மன்னிப்பு வழங்கியது ஏன் என்பதை அதில் அவர் விளக்கியிருந்தார். நூலைப் பதிப்பித்த ஹார்ப்பர் அன்ட் ரோ நிறுவனம், மன்னிப்புப் பற்றிய பகுதியை நூல் வெளிவருவதற்குச் சற்று முன்னர் பிரசுரிக்கும் உரிமையை ‘டைம்’ சஞ்சிகைக்கு 25,000 டொலருக்கு விற்றது. பாதித் தொகை முன்பணம். இதற்கிடையில் கையெழுத்துப் பிரதியொன்று, யாருடைய கைவழியாகவோ, ‘த நேஷன்’ சஞ்சிகையின் ஆசிரியர் விக்டர் நவாஸ்கியை வந்தடைந்தது. 1979 ஏப்ரலில் அவர் அதிலிருந்து 2,250 சொற்கள் கொண்ட ஒரு கட்டுரையை வெளியிட்டார். ‘டைம்’ தனது திட்டத்தைக் கைவிட்டது. மீதி 12,500 டொலரைக் கொடுக்கவும் மறுத்துவிட்டது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஃபோர்டின் கையெழுத்துப் பிரதி ஏறத்தாழ 200,000 சொற்கள். ‘த நேஷன்’ அதிலிருந்து சொல்லுக்குச் சொல் எடுத்தது 300 முதல் 400 சொற்கள் மட்டுமே. ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. எடுத்தது ஒரு முன்னாள் ஜனாதிபதியின் எழுத்து. விடயமோ நாட்டு மக்கள் அறியவேண்டிய விடயம். எடுத்தவர் செய்தியாளர். இவ்வளவும் இருந்தும் ‘த நேஷன்’ தோற்றது. ஆறு நீதியரசர்கள் எதிராகவும் மூவர் ஆதரவாகவும் தீர்ப்பளித்தனர்.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதியரசர் சான்ட்ரா டே ஓ’கொனர், எடுக்கப்பட்ட சொற்கள் சிலவே ஆயினும் அவை அந்த நூலின் இதயப் பகுதி என்ற முடிவுக்கு வந்தார். நவாஸ்கியின் சாட்சியமே அவருக்கு எதிராகத் திரும்பியது. தகவலைத் தமது சொந்த நடையில் கூறியிருந்தால் ஃபோர்ட் பேசிய உறுதி வாசகரைச் சென்றடைந்திராது, அதனால்தான் அவருடைய வார்த்தைகளையே எடுத்தேன் என்று அவர் கூறியிருந்தார். அந்த உறுதியைத் தருகின்ற சொற்களுக்குத்தான் பதிப்புரிமை இருக்கிறது. ஃபோர்ட் என்ன செய்தார், யாரோடு பேசினார், எப்போது முடிவெடுத்தார் என்பவை தகவல்கள்; தகவல்களுக்குச் சொந்தக்காரர் கிடையாது. அவற்றை மட்டும் நவாஸ்கி தமது மொழியில் எழுதியிருந்தால் வழக்கே நின்றிருக்காது.

இந்தத் தீர்ப்பு எனக்கு முழுத் திருப்தியளிப்பதல்ல. கருத்து வேறுபட்ட நீதியரசர் பிறெனன், பொது விவாதத்தின் மூச்சுக் குழாயை இத்தகைய குறுகிய பார்வை நெரித்துவிடும் என்ற வகையில் எழுதியதில் நியாயம் இருக்கிறது. ஓர் அரசாங்கத் தலைவர் என்ன சொன்னார் என்பதற்கும் எந்தச் சொற்களில் சொன்னார் என்பதற்கும் இடையில் எப்போதும் கோடு கிழிக்க முடியாது. எந்தச் சொற்களில் சொன்னார் என்பதே சிலவேளைகளில் செய்தி. மேலும், நூல் இன்னும் வெளிவரவில்லை என்பதற்குப் பெரும்பான்மையினர் கொடுத்த அழுத்தம் மிகையானது. கசிந்த ஆவணங்களைக் கொண்டு எழுதும் எந்தச் செய்தியாளரையும் அது அச்சுறுத்தக்கூடியது. அடுத்துவந்த வேறு சில தீர்ப்புகளும் அதே வழியில் சென்றதால், 1992 இல் அமெரிக்கக் காங்கிரஸ் 107 ஆம் பிரிவில் ஒரு வாக்கியத்தைச் சேர்த்தது. ஒரு படைப்பு வெளியிடப்படாதது என்ற காரணம் மட்டும் நியாயமான பயன்பாட்டுக்குத் தடையாகாது என்று அது கூறுகிறது.

ஆனால் நமது சர்ச்சைக்கு இந்த வழக்கு தரும் பாடம் தெளிவானது. “எத்தனை சொற்கள் வரை எடுக்கலாம்?” என்று இளம் செய்தியாளர்கள் அடிக்கடி கேட்பதுண்டு. ஐம்பது சொற்கள், நூறு சொற்கள், பத்து வீதம் என்று ஆளுக்கொரு கணக்கு ஆசிரியபீடங்களில் உலவுகிறது. அமெரிக்கச் சட்டத்திலோ நமது 11 ஆம் பிரிவிலோ அப்படியொரு எண் இல்லை. முந்நூறு சொற்களில் தோற்கலாம். மறுபுறத்தில், ஒரு நான்கு வரிக் கவிதையைப் பற்றி நாற்பது பக்கம் ஆய்வு எழுதுபவர் நான்கு வரிகளையும் காட்டாமல் எப்படி எழுதுவார்?

எடுத்ததை வைத்து என்ன செய்தீர்கள் என்ற கேள்விதான் பின்னாளில் முதலிடத்திற்கு வந்தது. 1990 இல் நீதிபதி பியர் லெவால் ‘ஹார்வர்ட் லோ றிவியூ’ சஞ்சிகையில் எழுதிய கட்டுரையொன்றில் இதை அழுத்தினார். 1994 இல் உச்ச நீதிமன்றம் ஏகமனதாக அவர் வழியில் சென்றது. றோய் ஓர்பிசனின் புகழ்பெற்ற பாடலொன்றை ‘2 லைவ் குறூ’ என்ற குழு கேலிப் பாடலாக மாற்றி இசைத்தட்டு வெளியிட்டிருந்தது, அனுமதி கேட்டபோது மறுக்கப்பட்டது, பாடலின் தொடக்க வரியையும் அதன் அடையாளமான இசைத் துணுக்கையும் எடுத்திருந்தார்கள், பணமும் சம்பாதித்தார்கள். எனினும், மூலத்தைக் கேலி செய்து அதற்குப் புதிய பொருள் தரும் ஆக்கம், வர்த்தக நோக்கமுடையது என்பதற்காக மட்டும் அநியாயமாகிவிடாது என்றது நீதிமன்றம். கேலிப் பாடலைக் கேட்டவர் மூலப் பாடலை வாங்காமல் விடமாட்டார் என்பதும் அங்கே கவனிக்கப்பட்டது.

இந்தத் தீர்ப்பின் பின்னர் எதையாவது சற்றே மாற்றிவிட்டு ‘புதிய ஆக்கம்’ என்று சொல்லும் பழக்கம் பெருகியது. அதற்கு 2023 இல் ஒரு கடிவாளம் விழுந்தது. லின் கோல்ட்ஸ்மித் என்ற புகைப்படக் கலைஞர் 1981 இல் பாடகர் பிறின்ஸை எடுத்த படத்திலிருந்து அன்டி வோர்ஹோல் வரைந்த உருவம், 2016 இல் ஒரு சஞ்சிகையின் அட்டையில் வெளியானது. வோர்ஹோல் அறக்கட்டளைக்கு 10,000 டொலர் கிடைத்தது, கோல்ட்ஸ்மித்துக்கு ஒன்றுமில்லை. ஒரு பாடகரைப் பற்றிய சஞ்சிகைச் செய்திக்குப் படம் வழங்குவது என்ற அதே தொழிலைத்தான் இரண்டும் செய்கின்றன என்று ஏழு நீதியரசர்கள் கருதினர். கமெராவோடு வெயிலில் நின்றவர்கள் இதை வாசித்து மகிழ்ந்திருப்பார்கள்.

இந்த அளவுகோல்களை நமது ‘நன்றி’ப் பிரசுரத்தின் மீது வைத்துப் பாருங்கள். முழுக் கட்டுரையும் எடுக்கப்படுகிறது. எதுவும் சேர்க்கப்படவில்லை, விமர்சிக்கப்படவில்லை. மூலத்தைப் படித்திருக்கக்கூடிய அதே வாசகர், அதே தேவைக்காக, அதை வேறிடத்தில் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். மூலப் பத்திரிகை விற்கவில்லை. மூலத்தளத்திற்கு எவரும் வரவில்லை. விளம்பரம் எடுத்தவருக்குப் போகிறது. ஸ்டோரி 1841 இல் சொன்னது இதைத்தான். “உங்களுக்கு விளம்பரம்” என்ற சமாதானத்தைப் பற்றி ஒரு வார்த்தை: எனக்கு விளம்பரம் வேண்டுமா என்று தீர்மானிப்பது என்னுடைய வேலை.

‘நன்றி’ வழக்கத்திற்கு ஒரு வரலாற்று வேர் இருக்கிறது என்பதையும் சொல்லியாகவேண்டும். இலங்கை 1959 முதல் அங்கம் வகிக்கும் பேர்ண் உடன்படிக்கை, அன்றாடச் செய்திக்குப் பாதுகாப்பில்லை என்கிறது. நடப்புப் பொருளாதார, அரசியல், சமயக் கட்டுரைகளை, உரிமை வெளிப்படையாக ஒதுக்கிவைக்கப்படாத பட்சத்தில், மூலத்தைக் குறிப்பிட்டு ஏனைய பத்திரிகைகள் மறுபிரசுரம் செய்வதற்கு நாடுகள் தம் சட்டத்தில் இடமளிக்கலாம் என்றும் கூறுகிறது. பத்திரிகைகள் கப்பலில் வந்த காலத்து ஏற்பாடு இது. அது சிறுகதைக்கோ கவிதைக்கோ தொடர்கதைக்கோ சமையற் குறிப்புப் பக்கத்திற்கோ உரியதல்ல. ‘உரிமை ஆசிரியருக்கே’ என்று பொறித்த பின்னரும் எடுப்பதற்குரியதும் அல்ல.

பெயர் பற்றிய ஒரு விடயம் நம்முடைய நாட்டுக்கே உரியது. நமது சட்டத்தின் 10 ஆம் பிரிவு, படைப்பாளிக்குத் தம் பெயரைப் பொறிக்கும் உரிமையைத் தருகிறது. புனைபெயரில் எழுதும் உரிமையையும், பெயரே போடாமல் இருக்கும் உரிமையையும், தமது படைப்பைத் திரித்து வெளியிடுவதை எதிர்க்கும் உரிமையையும் தருகிறது. நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கும் 11 ஆம் பிரிவு, பொருளாதார உரிமைகளுக்கு மட்டுமே விலக்களிக்கிறது; இவற்றுக்கு அல்ல. போர்க்காலத்தில் தமிழ்ச் செய்தியாளர் பலர் எத்தனை பெயர்களில் எழுதினார்கள் என்பது இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும். அந்தப் பெயர்கள் அலங்காரத்திற்காக வைத்துக்கொண்டவை அல்ல. உயிரோடு வீடு திரும்புவதற்காக வைத்துக்கொண்டவை. அத்தகைய ஒருவரின் கட்டுரையை மறுபிரசுரம் செய்த ஆர்வக் கோளாறில், “இதை எழுதியவர் உண்மையில் இன்னார்” என்று நன்றியோடு சேர்த்துப் போட்ட சம்பவங்கள் உண்டு. அனுமதி கேட்டு ஒரு வரி எழுதியிருந்தால் அது நேர்ந்திராது. கேட்பது வெறும் சம்பிரதாயம் என்று எண்ணுபவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். பதிப்புரிமையைக் காட்டி விமர்சனத்தை அடக்க முயல்வோரும் நம்மிடையே தோன்றியிருக்கிறார்கள். தமது நூலிலிருந்து இரண்டு பந்திகளை மேற்கோள் காட்டி எழுதிய கடுமையான மதிப்புரைக்குச் சட்டத்தரணி மூலம் கடிதம் அனுப்பும் எழுத்தாளர், பாராட்டுரையில் மூன்று பக்கம் மேற்கோள் வந்தபோது வாய் திறப்பதில்லை. அந்தக் கடிதத்தைக் கண்டு அஞ்சி மதிப்புரையை நீக்கிவிடும் ஆசிரியருக்கு 11 ஆம் பிரிவை ஒருமுறை வாசித்துப் பார்க்கும்படி சொல்வேன். விமர்சனமும் கருத்துரைத்தலும் அங்கே முதல் வரியிலேயே இருக்கின்றன. என் எழுத்தைக் கிழித்துப் போடுவதற்காக அதிலிருந்து மேற்கோள் காட்டுபவர் எவரும் என்னிடம் அனுமதி கேட்கவேண்டியதில்லை.

இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. அதற்கு இந்த நான்கு அளவுகோல்களும் போதுமானவையா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. இலங்கையில் பதிப்புரிமை, படைப்பாளியின் ஆயுட்காலமும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் நீடிக்கிறது. ‘தினகரன்’ ஆசிரியராகவும் இருந்த பேராசிரியர் க. கைலாசபதி 1982 இல் மறைந்தார். அவருடைய எழுத்துகளுக்கு 2052 வரை பாதுகாப்பு உண்டு. பெயர்பெற்றவர்களின் உரிமையாளரைத் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் முந்நூறு, ஐந்நூறு பிரதிகள் அச்சிட்டு ஒரேயொரு நூலோடு மறைந்துபோனவர்களின் உரிமை இன்று யாரிடம் இருக்கிறது? பிள்ளைகள் பாரிஸிலோ ஒஸ்லோவிலோ மெல்பேர்ணிலோ இருக்கலாம். தந்தையார் ஒரு நூல் எழுதினார் என்பதே அவர்களுக்குத் தெரியாமலும் இருக்கலாம். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த ஒரு சமூகத்தில், எங்கோ ஒரு வீட்டு அலுமாரியில் மிஞ்சிய கடைசிப் பிரதியைக் கறையான் அரித்துக்கொண்டிருக்கும்போது அனுமதிக் கடிதத்திற்கு யார் முகவரி எழுதுவது?

இலாப நோக்கற்ற நூலகம் ஒன்று, பாதுகாப்பதற்காகவோ அழிந்த பிரதிக்கு ஈடாகவோ ஒரு பிரதி எடுத்துக்கொள்ள நமது சட்டம் இடமளிக்கிறது. அதை உலகெங்கும் உள்ள வாசகருக்குத் திறந்துவிடுவது வேறு. அமெரிக்காவில் கூகுள் நிறுவனம் கோடிக்கணக்கான பக்கங்களை ஒளிவருடித் தேடலுக்கு வைத்ததை, வாசகருக்குச் சிறு துணுக்குகளே காட்டப்படுகின்றன என்ற அடிப்படையில், 2015 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் நியாயமான பயன்பாடு என்றது. அந்தத் தீர்ப்பை எழுதியவரும் அதே லெவால்தான். ஆனால் துணுக்கை வைத்துக்கொண்டு நம் பிள்ளைகள் ஒரு நூலை வாசிக்க முடியாது. 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகத்தினர் எழுத்தாளரையும் உரித்தாளரையும் தேடி அனுமதி பெற்றே நூல்களை வாசிப்புக்கு வைத்து வருகின்றனர். பாரமான வேலை. உரிமையாளரை நேர்மையாகத் தேடியும் காணாதவிடத்து இத்தகைய நிறுவனம் நூலைத் திறந்து வைக்கலாம், உரிமையாளர் பின்னர் வந்து கேட்டால் நீக்கிவிடலாம் என்று 12 ஆம் பிரிவோடு ஒரு வாசகத்தைச் சேர்ப்பதற்கு நமது நாடாளுமன்றத் தமிழ் உறுப்பினர்களில் எவராவது ஒருவர் ஒரு தனிநபர் பிரேரணை கொண்டுவரலாம். செலவில்லாத வேலை. கட்சி வேறுபாடும் இதில் குறுக்கிடாது.